தெருவுக்கு ஏற்ற வண்டி எது?

2020 மார்ச் மாதம் அடைபட்ட கதவு 2025 பெப்ரவரியில் திறந்தது. ஐந்து ஆண்டுகளாகத் தடைப்பட்டுக் கிடந்த தனியார் மோட்டார் வண்டி இறக்குமதிக்கு அரசாங்கம் மீண்டும் இடமளித்தது. அன்று தொட்டு நம்மவர் கூடுமிடங்களிலெல்லாம் ஒரே பேச்சு. இன்னார் ஜீப்பு எடுத்துவிட்டார். இன்னாருடைய மகன் கனடாவிலிருந்து பணம் அனுப்பியிருக்கிறான். இன்ன டாக்டர் இன்ன நிறுவனத்தின் இரட்டைக் கூண்டு வண்டிக்கு முன்பணம் கட்டிவிட்டார். மாரி மழை பெய்யுமா, நெல்லுக்கு விலை நிற்குமா என்று பேச வேண்டிய போடிமார் கூட வண்டியின் உயரத்தைப் பற்றியும் சக்கரத்தின் அகலத்தைப் பற்றியும் பேசுகிறார்கள்.

பேசட்டும். உழைத்தவன் தன் உழைப்பின் பயனை அனுபவிப்பதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. ஆயினும் ஒரு கேள்வியை இவ்வாரம் பகிரங்கமாக எழுப்புவது நமது கடமையென்று கருதுகிறோம். நாள்தோறும் பிள்ளையைப் பள்ளியில் விடவும், கந்தோருக்குப் போகவும், சந்தையில் மீன் வாங்கவும் இந்தப் பெரிய வண்டிகள் நமது தெருக்களுக்கு ஏற்றவைதாமா? அற்ப விஷயத்துக்கு ஓர் ஆசிரியத் தலையங்கமா என்று சிலர் நகைக்கலாம். தெரு என்பது பொதுச்சொத்து. பொதுச்சொத்தை யார் எவ்வளவு எடுத்துக்கொள்வது என்பது என்றைக்குமே அற்ப விஷயம் அன்று.

புளியந்தீவை எண்ணிப் பாருங்கள். பெயரே சொல்கிறது, இது தீவு. நாற்புறமும் வாவி. 1628 இல் போர்த்துக்கேயர் கோட்டை கட்டினார்கள். 1638 இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். கோட்டையைச் சுற்றி வளர்ந்த குடியிருப்புக்கு வழி வகுத்தவன் கரத்தையையும் பல்லக்கையும் குதிரையையும் மனத்தில் வைத்து வகுத்தானேயன்றி மோட்டார் வண்டியைக் கனவிலும் கண்டவன் அல்லன். பின்னர் ஆங்கிலேயர் வந்தார்கள். 1814 இல் மெதடிஸ்த பாடசாலை எழுந்தது. தேவாலயங்களும் கோயில்களும் கடைகளும் எழுந்தன. தெருவின் இருமருங்கும் மதில் வந்துவிட்டது. மதிலுக்கு முன்னே கான். கானுக்கும் மதிலுக்கும் இடையில் நடப்பவனுக்கு ஒரு சாண் நிலம். இந்தத் தெருவை அகட்ட வேண்டுமானால் ஒன்றில் கோயில் மதிலை இடிக்க வேண்டும், அல்லது வாவியைத் தூர்க்க வேண்டும். இரண்டையும் செய்ய எவனுக்கும் துணிவு வராது, வரவும் கூடாது.

இனி அளவுகளைப் பார்ப்போம். நமது நாட்டில் நடுத்தரக் குடும்பங்கள் மிகுதியாக வாங்கிய சுசுக்கி அல்ற்றோ காரின் அகலம் 1.49 மீற்றர். லாண்ட் குரூசர் ஜீப்பின் அகலம் 1.98 மீற்றர், இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடிகள் இதில் சேரவில்லை. வித்தியாசம் 49 சென்ரிமீற்றர்தானே என்று தோன்றும். 5 மீற்றர் அகலமான ஒரு தெருவில் எதிரெதிரே இரண்டு சிறு கார்கள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் போக 2 மீற்றர் மிஞ்சுகிறது. அந்த 2 மீற்றரில்தான் துவிச்சக்கர வண்டியில் செல்லும் பள்ளி மாணவியும், தலையில் கடகத்தோடு நடக்கும் கிழவியும் பிழைக்கிறார்கள். அதே தெருவில் இரண்டு பெரிய ஜீப்புகள் எதிரெதிரே வந்தால் மிச்சம் 1 மீற்றரே. கண்ணாடிகளைக் கழித்தால் அதுவும் இல்லை. மாணவி கானுக்குள் இறங்க வேண்டியதுதான். வண்டியின் நிறையோ, அது 750 கிலோவை ஒட்டியது, இது 2500 கிலோவுக்கும் மேல். ஏறிச் செல்பவர் என்னவோ பெரும்பாலும் ஒருவரே.

காலையில் புனித மிக்கேல் கல்லூரி, புனித சிசிலியா பெண்கள் கல்லூரி, மெதடிஸ்த மத்திய கல்லூரி ஆகியவற்றின் வாசல்களில் நடப்பதை நகரவாசிகளுக்கு நாம் விவரிக்க வேண்டியதில்லை. ஒரு பிள்ளையை இறக்குவதற்காக ஒரு பெரிய வண்டி தெருவின் பாதியை அடைத்து நிற்கிறது. அதன் பின்னால் ஓட்டோக்கள்; அவற்றின் பின்னால் பாடசாலை வான்கள்; நடுவில் நூறு துவிச்சக்கர வண்டிகள். ஒலிப்பான்களின் ஓசையில் பாடசாலை மணி கேட்பதில்லை. பிள்ளையின் பாதுகாப்புக்காகத்தான் பெரிய வண்டி வாங்கினேன் என்று தந்தை சொல்கிறார். எந்தப் பிள்ளையின் பாதுகாப்பு? உள்ளே இருக்கும் பிள்ளைக்கு அது கவசம். வெளியே நிற்கும் பிள்ளைக்கு அது மதில். அமெரிக்காவில் சுமார் 18,000 பாதசாரி விபத்துகளை ஆராய்ந்து 2023 இல் வெளியிட்ட ஆய்வொன்று, முன்முகப்பு ஏறத்தாழ ஒரு மீற்றருக்கு மேல் உயர்ந்த வண்டிகளில் அடிபட்டவர் உயிரிழக்கும் வாய்ப்பு, தாழ்ந்து சரிந்த முகப்புள்ள வண்டிகளோடு ஒப்பிடுகையில் சுமார் 45 வீதம் கூடுதல் என்று கண்டது. தாழ்ந்த வண்டி காலில் மோதும். உயர்ந்த வண்டி நெஞ்சில் மோதும். ஆறு வயதுப் பிள்ளைக்கோ தலையில் மோதும். இதற்கு ஆராய்ச்சிகூட வேண்டாம். அளவுகோல் ஒன்று போதும்.

நமது மூத்த வாசகர்களுக்குக் கல்லடியின் பழைய இரும்புப் பாலம் நினைவிருக்கும். 1920களில் கட்டி, ஆள்பதியாயிருந்த மானிங்கின் மனைவியார் பெயரை இட்ட பாலம் அது. ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வண்டிதான் போகலாம். அக்கரையில் வண்டி வந்தால் இக்கரையில் காத்து நிற்க வேண்டும். 2013 மார்ச்சில் ஜப்பானிய உதவியோடு புதிய பாலம் திறக்கும் வரை மூன்று தலைமுறை காத்து நின்றது. மறு ஆண்டு மண்முனைப் பாலமும் வந்தது. படுவான்கரை மக்கள் "பாதை"க்குக் காத்திருந்த துன்பம் அவ்விடத்தில் ஒழிந்தது. பாலங்கள் அகன்றன, மகிழ்ச்சி. அகன்ற பாலத்தின் வழியாக வருகின்ற வண்டி வந்து சேர்வது எங்கே? அதே பழைய தெருவுக்குத்தான். பாலத்தில் காத்து நின்ற காலம் போய், இன்று பள்ளிக்கூட வாசலில் காத்து நிற்கிறோம்.

எதிர்த்தரப்பு வாதத்தையும் கேட்டாக வேண்டும். கேளாமல் தீர்ப்புச் சொல்வது நமது தொழில் தர்மத்துக்கு ஒவ்வாது. விவசாயி கேட்பார்: "நான் வட்டைக்குப் போக வேண்டும். ஆற்று மணலும் சேறும் கிடங்கும் நிறைந்த வழி. உரமூடையும் விதைநெல்லும் ஏற்ற வேண்டும். மாலையானால் யானை வரும். உங்கள் சிறு கார் அங்கே போகுமா?" போகாது. உழவு இயந்திரத்தையும், பட்டா வண்டியையும், கன்ரர் லொறியையும், நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியையும் வயலுக்கு வைத்திருப்பவரை நாம் ஒரு சொல்லும் குறை சொல்லவில்லை. அவை அவருடைய கலப்பைக்குச் சமானம். வவுணதீவுக்கும் கொக்கட்டிச்சோலைக்கும் அப்பால் நிலம் வைத்திருப்பவர் எதில் போகிறார் என்று புளியந்தீவில் அமர்ந்துகொண்டு நாம் விதி எழுத முடியாது. கலப்பையைத் தோளில் வைத்துக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போவதுண்டா என்பதுதான் நமது கேள்வி. வட்டையைக் கண்ணாலும் காணாத வண்டிகளே நகரத்துப் பெரிய வண்டிகளிற் பெரும்பான்மையென்பது அவற்றின் சக்கரத்தைப் பார்த்தாலே விளங்கும். ஒரு துளி சேறு கிடையாது.

வெள்ளத்துக்கு உயர்ந்த வண்டி வேண்டும் என்பது இன்னொரு வாதம். வெள்ளம் நமக்குப் புதிதன்று. 2011 ஜனவரி வெள்ளத்தில் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிப் பிழைத்தவர் பலர். ஆனால் 2024 நவம்பரில் காரைதீவு மாவடிப்பள்ளியில் நடந்ததை மறக்கலாமா? வெள்ளம் பாய்ந்த வீதியில் மதரசா மாணவர்களை ஏற்றிச்சென்ற உழவு இயந்திரத்தையே நீர் புரட்டிப் போட்டது, பிள்ளைகள் மாண்டார்கள். வண்டி எவ்வளவு உயர்ந்தாலும் ஓடுகின்ற நீர் அதைவிடப் பெரிது. உயர்ந்த வண்டி தரும் துணிவு சில வேளை ஆளையே கொல்கிறது. வீதியை மேவிப் பாயும் நீருக்கு மருந்து மதகும் வடிகாலும் நேரத்தோடு வீதியை மூடும் அதிகாரியுமேயன்றி, ஜீப்பு அன்று.

நியாயத்துக்காக இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம். நமது கிராமத்துத் தெருக்களைக் குழியாக்குவது ஜீப்பு என்று சிலர் மேடையில் பேசுகிறார்கள். அது சரியன்று. அச்சொன்றின் பாரம் இரு மடங்கானால் தெருவுக்கு வரும் சேதம் ஏறத்தாழ பதினாறு மடங்காகும் என்பது அமெரிக்காவில் 1950களின் இறுதியில் தெரு போட்டு வண்டி ஓட்டிப் பார்த்தே கண்ட கணக்கு. அந்தக் கணக்கின்படி மணல் நிறைத்த டிப்பர் ஒன்றின் முன்னே ஜீப்பு வெறும் தூசு. மணல் டிப்பரைப் பற்றி எழுத வேறொரு வாரம் வேண்டும். அதற்கு நிறையவே இருக்கிறது. ஜீப்பின் மீதான குற்றச்சாட்டு தெருவை உடைப்பதன்று, தெருவை விழுங்குவதே.

வழக்கறிஞர் கண்ணில் படும் மற்றொரு பக்கம் உண்டு. பெரிய வண்டிகளிற் பல காசு கொடுத்து வாங்கியவை அல்ல, லீசிங்கில் எடுத்தவை. 2000 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டம் என்ன சொல்கிறது? வண்டி குத்தகைக்கு விட்ட நிறுவனத்தின் சொத்து. எடுத்தவர் அதை வைத்துப் பாவிப்பவர் மாத்திரமே. பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்று ஒரு கூடு இருக்கிறது; அதில் நம் ஆளின் பெயர் இராது. நாலு தவணை தவறினால் வீட்டு வாசலில் நின்ற வண்டி ஒரு காலையில் காணாமற் போகும். பிறகு மிகுதிக் கடனுக்கு நீதிமன்றம். அதன் பிறகு பிணை நின்ற மைத்துனன். அதற்கும் பிறகு வயற்காணி உறுதி. இந்தப் படிகளை ஒன்றொன்றாக இறங்கியவர்களை நீதிமன்ற வளவில் நாம் காண்கிறோம். இரு போகம் நெல் விளையும் காணியை ஈடு வைத்து, ஓடத் தொடங்கிய நாளிலிருந்து விலை இறங்கும் இரும்பை வாங்குவது எந்த வேளாண்மைக் கணக்கில் சேரும்? வண்டியின் அடக்கவிலையைக் காட்டிலும் வரி பெரிதாக இருக்கும் நாடு இது. ஆகவே கடனிற் பெரும்பங்கு வண்டிக்கன்று, வரிக்கே வாங்கிய கடன்.

எண்ணெயைப் பற்றிப் பேசாமல் விட இயலாது. 2022 ஐ இவ்வளவு விரைவில் மறந்துவிட்டோமா? நாடு கடனிறுக்க முடியாமல் கைவிரித்த ஆண்டு. எண்ணெய் நிலையங்களின் முன்னே இரவும் பகலும் மனிதர் கிடந்த ஆண்டு. பங்கீட்டு முறை வந்தபோது கிழமைக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என்றார்கள். நகர ஓட்டத்தில் லீற்றருக்கு 5 அல்லது 6 கிலோமீற்றர் ஓடும் பெரிய பெற்றோல் ஜீப்புக்கு அந்த 20 லீற்றர் 100, 120 கிலோமீற்றருக்கு மேல் போதாது. அதே 20 லீற்றரில் சிறு கார் இரண்டு மடங்குக்கும் மேல் ஓடிற்று. துவிச்சக்கர வண்டிக்காரர் ஒருவர்தாம் அந்தக் கோடையில் தலை நிமிர்ந்து சென்றார். ஒரு துளி எண்ணெயும் சொந்தத்தில் ஊறாத தேசம் இது. வாங்குகிற ஒவ்வொரு லீற்றருக்கும் தேயிலை பறிப்பவளும் மத்திய கிழக்கில் பாத்திரம் துலக்குபவளும் தேடிய அந்நியச் செலாவணியே போகிறது.

இவ்வளவு இருந்தும் அரசாங்கத்தின் வரிக்கொள்கை இதை எண்ணிப் பார்த்ததா? உற்பத்தி வரி இயந்திரத்தின் கன அளவைக் கொண்டு விதிக்கப்படுகிறது. மின்சார வண்டிக்கு மோட்டாரின் கிலோவாற்றைக் கொண்டு. 2025 இல் சில மின்சார வண்டிகளின் வலு 100 கிலோவாற்றா 150 கிலோவாற்றா என்று சுங்கத்துக்கும் இறக்குமதியாளருக்கும் இடையே எழுந்த பிணக்கு நீதிமன்றம் வரை சென்றது. வலுவுக்காக வழக்காடினார்கள். அகலத்துக்காக எவரும் வழக்காடவில்லை, ஏனெனில் அகலத்துக்கு வரியே இல்லை. நிறைக்கும் இல்லை. சிறிய இயந்திரத்தோடு பெரிய உடம்பைப் பூட்டினால் வரி குறையும். தெருவில் அடைக்கும் இடம் குறையுமா?

நமக்கு வண்டி விற்கும் ஜப்பானைப் பார்ப்போம். அவர்கள் தங்கள் ஒழுங்கைகளுக்கென்றே ஒரு வகை வண்டியைச் சட்டத்தால் வகுத்தார்கள். நீளம் 3.4 மீற்றருக்குள், அகலம் 1.48 மீற்றருக்குள், இயந்திரம் 660 கன சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டும், அப்படியிருந்தால் வரிச்சலுகை. அந்நாட்டில் விற்கும் புதிய வண்டிகளில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் இவ்வகையே. இங்கே ஓடும் வகன்ஆர் கார் பலவும் அங்கிருந்து வந்த அந்தச் சாதிதான். இன்னும் கேளுங்கள்: 1962 ஆம் ஆண்டிலேயே ஜப்பானியர் ஒரு சட்டம் செய்தார்கள். வண்டி வாங்குபவன் அதை நிறுத்தத் தன்னிடம் இடமுண்டு என்று முதலில் நிரூபிக்க வேண்டும். தெரு உன் கொட்டில் அன்று என்பதே அதன் பொருள். செல்வத்திலே நம்மைவிடப் பன்மடங்கு உயர்ந்த தேசம், இடத்தில் இத்தனை சிக்கனம் காட்டுகிறது.

ஐரோப்பாவிலும் இந்த வழக்கு நடக்கிறது. அங்கே விற்பனையாகும் புதிய கார்களின் சராசரி அகலம் இரண்டு ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் வீதம் கூடி, 2023 இல் 180 சென்ரிமீற்றரைத் தாண்டியது. பழைய நகரங்களின் தெருவோர நிறுத்துமிடங்கள் பலவும் 180 சென்ரிமீற்றர் கணக்கில் கோடு போட்டவை. வண்டி கோட்டை மீறிவிட்டது. 2024 பெப்ரவரியில் பாரிஸ் நகரம் மக்களிடமே வாக்குக் கேட்டது. 1.6 தொன்னுக்கு மேற்பட்ட எண்ணெய் வண்டிகளும் 2 தொன்னுக்கு மேற்பட்ட மின்சார வண்டிகளும் வெளியூரிலிருந்து வந்து நகரில் நின்றால் மும்மடங்கு கட்டணம் என்ற யோசனைக்கு வாக்களித்தவரில் 54 வீதத்துக்கு மேல் ஆம் என்றார்கள். நகர மத்தியில் மணிக்கு 6 யூரோ என்பது 18 யூரோ ஆயிற்று. வாக்களிக்க வந்தவர் நூற்றுக்கு ஆறு பேரும் இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அதை வைத்து எதிர்த்தரப்பார் ஏளனம் செய்தது உண்மை. ஆயினும் அக்டோபரில் கட்டணம் நடைமுறைக்கு வந்தது. பிரான்சு தேசம் வண்டியின் நிறைக்கு வரி போடுவது 2022 தொட்டு நடந்துவருகிறது.

இனி நமது வீட்டுக் குப்பையைக் கூட்டுவோம். பெரிய வண்டி மோகத்தை மக்கள் யாரிடம் கற்றார்கள்? மக்கள் பிரதிநிதிகளிடம்தான். "பஜிரோ" என்ற சொல் இந்நாட்டில் ஒரு வண்டியின் பெயராக இருந்த காலம் போய் அதிகாரத்தின் பெயராக மாறியது. பாராளுமன்ற உறுப்பினர்களுக்குத் தீர்வையற்ற வாகன அனுமதிப்பத்திரம் வழங்கினார்கள். அதைப் பிறருக்கு விற்றுப் பணமாக்கியவர் கதை நாடறிந்தது. அதிற் சிங்களவர் தமிழர் முஸ்லிம் என்ற பேதமே இருக்கவில்லை. வேறெந்த விஷயத்திலும் இத்தனை ஒற்றுமையை நாம் கண்டதில்லை! 2024 தேர்தலுக்குப் பின் வந்த அரசாங்கம் இனி அனுமதிப்பத்திரம் இல்லை என்றது. 2025 இல் ஜனாதிபதி செயலகத்தின் ஆடம்பர வண்டிகள் பல ஏலத்துக்கு வந்தன. செய்தது யாராயினும் நல்லதை நல்லதென்போம். ஆனால் அடுத்த தேர்தலில் நமது வேட்பாளர்கள் எதில் வந்து இறங்கப் போகிறார்கள்? சுனாமிக்குப் பின்னர் வெள்ளை வெளேரென்ற நிவாரண ஜீப்புகள் நாவலடியிலும் கல்லடியிலும் புழுதி கிளப்பிச் சென்றதை மக்கள் பார்த்தார்கள். உதவியும் வந்தது, மறுக்கவில்லை. கூடவே, ஏறி வருபவன் கொடுப்பவன், நின்று பார்ப்பவன் வாங்குபவன் என்ற பாடமும் வந்தது. வாக்குக் கேட்டு வருபவர் அந்த உயரத்தில் இருந்து இறங்கி வரலாகாதா? நமது ஊழியர்களுக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறோம்.

பெரிய வண்டியே ஆகாது என்று நாம் சொன்னதாக எவரும் திரித்துக்கொள்ள வேண்டாம். பஸ் வண்டியைவிடப் பெரிய வண்டி ஏது? இரண்டரை மீற்றர் அகலம். ஐம்பது பேர் உட்காரலாம். ஐம்பது பேரும் தனித்தனிச் சிறு காரில் வந்தாலும் புளியந்தீவு தாங்காது. ஜீப்பில் வந்தால் வாவிக்குள்தான் நிறுத்த வேண்டும். 1958 ஜனவரி முதலாந் திகதி பஸ் சேவையைத் தேசமயமாக்கிய நாடு இது. அப்படியிருந்தும் படுவான்கரைக் கிராமத்துப் பிள்ளை மாலை வகுப்பு முடிந்து வீடு திரும்ப நேரத்துக்கு பஸ் இல்லையென்றால், அவளுடைய தந்தை கடன்பட்டு வண்டி எடுப்பதை நாம் எந்த வாயால் குறை சொல்வது?

2025 மே தேர்தலோடு மட்டக்களப்பு மாநகர சபை மீண்டும் மக்கள் தெரிந்தெடுத்தவர்களின் கைக்கு வந்தது. வண்டி நிறுத்தக் கட்டணம் அறவிடுவது கொழும்பிலும் கண்டியிலும் நடப்பதுதான். அதற்குப் புதிய அதிகாரம் எதுவும் தேவையில்லை. புளியந்தீவுக்குள் தெருவோரம் நிறுத்தும் வண்டிகளுக்கு அகலத்தைக் கொண்டு இருவகைக் கட்டணம் வைக்கலாம்; 1.7 மீற்றருக்கு உட்பட்டதற்கு ஒன்று, மேற்பட்டதற்கு அதன் மும்மடங்கு. ஓட்டோவுக்கும், சாமான் இறக்கும் லொறிக்கும், விவசாயியின் பட்டாவுக்கும், நோயாளியை ஏற்றி வருகின்ற வண்டிக்கும் விலக்கு. பாடசாலை தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் அரை மணி நேரம், வாசலிலிருந்து ஐம்பது மீற்றருக்குள் எந்தத் தனியார் காரும், பெரிதாயினும் சிறிதாயினும், நிற்கக் கூடாது. பிள்ளை ஐம்பது மீற்றர் நடந்தால் தேய்ந்துவிட மாட்டாது. சேரும் பணத்தைத் தனிக் கணக்கில் வைத்துக் கான்களுக்கு மூடி போடுங்கள். நடப்பவனுக்கு அந்த மூடியே நடைபாதை. போக்குவரத்துப் பொலிசாரையும் பாடசாலை அதிபர்களையும் ஓட்டோச் சங்கத்தாரையும் ஒரு மேசையில் அழைத்து, மாரி மழை தொடங்குமுன் மூன்று தெருக்களிலாவது இதை நடத்திப் பார்க்கும்படி உறுப்பினர்களைக் கேட்கிறோம். பிரேரணையின் நகலை எழுதித் தர ஆள் வேண்டுமானால், கூலியின்றி எழுதித் தர வழக்கறிஞர்கள் இவ்வூரில் இருக்கிறார்கள்.